உபயப் பதிவேடு ஏன் திறபடவில்லை? ஜாவாவும் லிப்ரே ஒபிசும்



சென்ற பொதுச்சபைக் கூட்டத்திற்கு மூன்று வாரங்கள் இருக்கையில், எமது சங்கத்தின் உபயப் பதிவேடு கணனியில் திறபட மறுத்தது. இச்செய்தி அலுவலக அறையிலிருந்து மடைப்பள்ளிக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அன்று மாலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது மூத்த அங்கத்தவர் ஒருவர் எம்மை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, கணக்கு முழுக்க அழிஞ்சு போச்சாமே, உண்மையோ?"

"அழியேல்லை ஐயா. திறக்குதில்லை, அவ்வளவுதான்" என்றோம்.

"திறக்காட்டி இரண்டும் ஒண்டுதானே" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடப் போனார்.

அவரில் நாம் குறை காணவில்லை. ஊரிலும் சரி, இங்கும் சரி, ஆலயச் சங்கங்கள் உடைந்ததற்குப் பக்திக் குறைவைவிடக் கணக்குச் சந்தேகமே பெரிதும் காரணமாக இருந்திருக்கின்றது. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைக் காட்ட முடியாத ஒரு நாளே போதும், பேச்சுக் கிளம்பிவிடும். ஆயினும் அழிந்துபோன கணக்கும் திறபடாத கணக்கும் ஒன்றல்ல. இதே மென்பொருளை வீட்டிலும் கடையிலும் பாவிப்பவர்கள் எம் அங்கத்தவர்களிடையே பலர் இருப்பதால், நடந்ததை ஒரு பாடமாகவே இங்கு எழுதுகின்றோம்.

எமது பதிவேடு 'ஓப்பன் ஒபிஸ்' தொகுதியில் உள்ள 'பேஸ்' என்னும் தரவுத்தள மென்பொருளில், அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எமது பிள்ளை ஒருவரால் உருவாக்கப்பட்டது. இத்தொகுதியின் பிறப்பிடம் நாம் வாழும் இதே ஜேர்மனிதான். லூனபேர்க் நகரில் 1985இல் தொடங்கிய 'ஸ்ரார் டிவிஷன்' என்னும் நிறுவனத்தின் 'ஸ்ரார் ஒபிஸ்' இதன் மூலம். அந்நிறுவனத்தை அமெரிக்காவின் 'சன்' நிறுவனம் 1999இல் வாங்கி, மூலநிரலை 2000இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010இல் அதிலிருந்து பிரிந்ததே இப்போது நாம் பாவிக்கும் 'லிப்ரே ஒபிஸ்'. அதைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் இருப்பிடம் பேர்லின்.

சன் நிறுவனம்தான் ஜாவா மொழியையும் 1995இல் வெளியிட்டது. 2005இல் வந்த ஓப்பன் ஒபிஸ் 2ஆம் பதிப்பில் 'பேஸ்' சேர்க்கப்பட்டபோது, அதற்குள் தரவுகளைச் சேமித்து வைக்கும் பொறியாக ஜாவாவில் எழுதப்பட்ட 'எச்.எஸ்.கியூ.எல்.டி.பி.' வைக்கப்பட்டது. ஜாவா அந்நாளில் முழுமையான கட்டற்ற மென்பொருளாக இருக்கவில்லை என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்த அந்த முடிச்சுத்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகு எமது ஆலய அலுவலகத்தில் இறுகியது.

ஜாவாவின் வேலை என்ன? இந்நாட்டுக்கு வந்த புதிதில் எம்மில் பெரும்பாலானோர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எந்தக் கந்தோருக்கும் போனதில்லை. சொல்ல வேண்டியது எம்மிடம் முழுமையாக இருந்தது. கேட்க வேண்டிய அதிகாரியும் எதிரே இருந்தார். இடையில் அந்த ஒருவர் வராவிட்டால் விசாரணையை வேறு திகதிக்குத் தள்ளிவைத்தார்கள். ஜாவா மென்பொருளின் நிலையும் அதுவே. அது எந்தக் கணனிக்கும் நேரடியாகச் சொந்தமில்லாத ஒரு நடுமொழியில் வெளியிடப்படுகின்றது. அந்த நடுமொழியை அந்தந்தக் கணனிக்கு விளங்கும்படி மாற்றி இயக்குவது 'ஜாவா இயக்கச் சூழல்' என்னும் தனி மென்பொருள். அது லிப்ரே ஒபிசுடன் கூடவே வருவதில்லை. நாமே தனியாக நிறுவ வேண்டும்.

கடிதம் எழுதும் 'ரைட்டர்', கணக்குத் தாள் போடும் 'கல்க்' இரண்டுக்கும் ஜாவா தேவையில்லை. அதனால்தான் பலர் அது இல்லாததையே அறியாமல் வருடக்கணக்கில் வேலை செய்கின்றார்கள். தரவுகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பேஸ் கோப்பு, சில அறிக்கைக் கருவிகள், சில துணை நிரல்கள் ஆகியவையே ஜாவாவைக் கேட்கின்றன.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவதை ஒட்டி, சங்கத்தின் பழைய கணனியை மாற்றினோம். புதியதில் விண்டோஸ் 11. லிப்ரே ஒபிசை நிறுவினோம், பதிவேட்டைப் பிரதி செய்தோம், திறந்தோம். சாளரம் வந்தது. படிவங்களின் பெயர்களும் வந்தன. அட்டவணைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இச்செயலுக்கு ஜாவா இயக்கச் சூழல் தேவை என்று ஒரு அறிவித்தல் மாத்திரம் நின்றது. அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்தான் "எல்லாம் போய்விட்டது" என்று முதலில் சொன்னவர். பார்த்தவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சரி, ஜாவாதானே வேண்டும் என்று பழைய கணனியின் நிறுவல் கோப்பை யூ.எஸ்.பி. ஸ்ரிக்கில் கொண்டுவந்து போட்டோம். நிறுவல் வெற்றி என்றது. பேஸ் மீண்டும் அதே அறிவித்தலைத் தந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டோம், அதே கதை. இரண்டு மாலைகள் இப்படியே போயின. பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குக்கூட நாம் இவ்வளவு விழித்திருக்கவில்லை.

காரணம் இதுதான். மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், ஆனால் அதிகாரியின் அறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை. லிப்ரே ஒபிஸ் ஜாவாவை வெளியே நிறுத்திவைத்து வேலை வாங்குவதில்லை. தனது சொந்த நினைவகத்துக்குள்ளேயே அதை ஏற்றிக்கொள்கின்றது. விண்டோசில் 64 பிட் மென்பொருள் ஒன்றுக்குள் 32 பிட் பகுதியை ஏற்ற முடியாது, மறுபுறமாகவும் முடியாது. ஒரே கணனியில் இரண்டும் அருகருகே இருக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று போகாது. விண்டோசுக்கான 64 பிட் லிப்ரே ஒபிஸ் 2015 ஓகஸ்டில் 5.0 பதிப்புடன்தான் வந்தது. எமது பழைய கணனியில் இருந்தது அதற்கு முந்திய 32 பிட் பதிப்பு. அதனோடு பொருந்திய ஜாவாவும் 32 பிட். புதிய கணனியில் லிப்ரே ஒபிஸ் 64 பிட். நாம் கொண்டுவந்து போட்டதோ பழைய 32 பிட் ஜாவா. பிழை முற்றாக எம்முடையதே.

இதைக் கண்டறிவது சுலபம். லிப்ரே ஒபிசின் உதவிப் பட்டியலில் அதன் பதிப்பு விபரத்தைத் திறந்தால் 64 என்ற இலக்கம் தெரிகின்றதா என்று பார்க்கலாம். ஜாவா 'புரோகிராம் பைல்ஸ்' என்னும் அடைவில் இருந்தால் பெரும்பாலும் 64 பிட். அதே பெயருடன் 'எக்ஸ் 86' என்று சேர்ந்த அடைவில் இருந்தால் 32 பிட். இன்னும் 'அப்பாச்சி ஓப்பன் ஒபிஸ்' 4.1 பாவிப்பவர்கள் கவனிக்க: விண்டோசுக்கான அப்பதிப்பு 32 பிட். அதற்கு 32 பிட் ஜாவாவே பொருந்தும், கணனி எவ்வளவு புதியதாக இருந்தாலும்.

அடுத்தது வயதுப் பொருத்தம். இதில் எண்களே முதலில் குழப்பும். ஜாவா 8 தன்னை 1.8 என்றே அறிமுகம் செய்யும், இரண்டும் ஒன்றுதான். 2017இல் வந்த ஜாவா 9 முதல் அந்த முன்னொட்டைக் கைவிட்டு 9, 11, 17 என்றே சொல்கின்றது. (பேசுக்குள் இருக்கும் எச்.எஸ்.கியூ.எல்.டி.பி.யின் பதிப்பும் 1.8 என்பது வெறும் தற்செயல். நாம் அதையும் இதையும் ஒன்றென்று நினைத்து ஒரு மணித்தியாலம் இழந்தோம்.) ஜாவா 9 விண்டோசில் தன் பெயரைப் பதிந்துவைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டது. எனவே அதற்கு முன் வந்த பழைய லிப்ரே ஒபிஸ் ஒன்று, புதிய ஜாவா பக்கத்திலேயே இருந்தாலும் பழைய விலாசத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். பழைய ஒபிசுக்கு ஜாவா 8, புதிய ஒபிசுக்கு 17 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்கொன்றாக வரும் இடைப்பதிப்புகளின் பின்னால் ஓட வேண்டியதில்லை.

எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஜாவாவின் இன்றைய உரிமையாளரான ஒரக்கிள், 2019 ஏப்ரல் முதல் ஜாவா 8இன் புதிய திருத்தங்களைத் தனிப்பட்ட பாவனைக்கு மாத்திரமே இலவசமாகத் தருகின்றது. நிறுவனப் பாவனைக்குக் கட்டணம் உண்டு. பதிவு செய்யப்பட்ட சங்கமாகிய நாம் அதில் கை வைக்காமல், 'அடொப்டியம்' வெளியிடும் 'ரெமுரின்' என்னும் கட்டற்ற ஜாவாவின் 17ஆம் பதிப்பை, 64 பிட் என்று பார்த்தே, தரவிறக்கினோம். அதன்பின் லிப்ரே ஒபிசில் 'எக்ஸ்ராஸ்' பட்டியலில் 'ஒப்சியோனன்', அதில் லிப்ரே ஒபிஸ் என்பதன் கீழ் 'எர்வைற்றர்ட்' என்ற பக்கத்துக்குச் சென்றோம். நிறுவப்பட்ட ஜாவாக்கள் அங்கே வரிசையாகத் தெரியும். உரியதைத் தெரிவு செய்து, லிப்ரே ஒபிசை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். மூடாமல் பார்த்தால் மாற்றம் தெரியாது. அட்டவணைகள் வந்தன. பதினாறு வருட உபயங்கள், ஒரு வரியும் குறையாமல்.

மக் கணனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கு இயக்கச் சூழல் மட்டும் போதாது, ஜாவாவின் முழு உருவாக்கத் தொகுதியையும் நிறுவ வேண்டும். 2020க்குப் பின் வந்த அப்பிள் சில்லு உள்ளவற்றில் ஒபிசும் ஜாவாவும் அதே சில்லுக்குரியனவாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றைத் தொடுவதற்கு முன்னர் பதிவேட்டுக் கோப்பை வேறிடத்தில் பிரதி செய்து வையுங்கள். பதற்றத்தில் 'இது பழுது' என்று நினைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கி அதே பெயரில் சேமித்தவர்களுக்குத்தான் கணக்கு உண்மையிலேயே அழிகின்றது.

கணக்காளர் என்ற முறையில் எம்மை அதிகம் உறுத்தியது வேறொன்று. ஜேர்மன் வரி ஒழுங்குச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி கணக்குப் புத்தகங்களை 10 வருடங்கள் வைத்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டு முதலிய ஆதாரங்களுக்கு 10 ஆக இருந்த காலம் 2025 முதல் 8 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. வைத்திருந்தால் மட்டும் போதாது. கணனியில் உள்ளவை அக்காலம் முழுவதும் வாசிக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். ஆகவே மேற்படி ஐயா கேட்ட கேள்வி சட்டத்தின் பார்வையில் அவ்வளவு பிழையல்ல. பினான்ஸ்அம்ற் அதிகாரி முன் "இருக்கின்றது, திறக்குதில்லை" என்று நாம் நிற்க முடியாது. பத்து வருடத்தில் ஜாவாவும் மாறும், ஒபிசும் மாறும், விண்டோசும் மாறும்.

எனவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஒரு பிரதியும் வேண்டும். பேசில் உள்ள அட்டவணையைப் பிரதி செய்து கல்க் தாளில் ஒட்டினால் வரிகள் யாவும் அப்படியே வந்துவிடும். அதைக் கல்க் கோப்பாக ஒருமுறையும், 'சி.எஸ்.வி.' என்னும் வெறும் எழுத்துக் கோப்பாக ஒருமுறையும் சேமித்தோம். இரண்டாவதைச் சேமிக்கும்போது எழுத்துத் தொகுதி 'யூ.டி.எப். 8' என்று இருக்க வேண்டும். தவறினால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

இதிலும் ஒரு பழைய கடன் வெளியே வந்தது. பதிவேட்டின் முதல் சில வருடங்களில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இருந்த கணனியில் அவை தமிழ். வெறும் எழுத்துக் கோப்பில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். ஊர்ச் சங்க மலர்களை இந்த எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ஜாவா இல்லாத பேசும் பாமினி இல்லாத பெயரும் ஒரே வகைக் குறைதான்: எழுதியது இருக்கின்றது, வாசிப்பவர் இல்லை. அப்பெயர்களை யூனிகோட்டுக்கு மாற்றும் வேலையைத் தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகள் மூவர் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துத் தந்தார்கள். மாற்றி மென்பொருள் 'ஞா'வையும் 'ஸ்ரீ'யையும் சில இடங்களில் சிதைத்திருந்ததால், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தே சரிபார்த்தார்கள்.

இப்போது கோப்புகளுடன், பொருந்திய லிப்ரே ஒபிஸ், ஜாவா இரண்டினதும் நிறுவல் கோப்புகளும் ஒரே ஸ்ரிக்கில் உள்ளன. எது எத்தனை பிட், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி அலுவலக அலுமாரியின் உட்பக்கம் ஒட்டியிருக்கின்றோம். ஒவ்வொரு வருட முடிவிலும் முழுப் பட்டியலும் அச்சிடப்பட்டுக் கணக்காய்வாளரின் ஒப்பத்துடன் கோவையில் வைக்கப்படும்.

பொதுச்சபைக் கூட்டத்தன்று அந்தக் கோவையை மண்டப வாசலில் மேசையொன்றில் வைத்தோம். அந்த ஐயா முதல் ஆளாக வந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, 2011ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். தனது பெயரில் விரலை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

"காசு சரி தம்பி. என்ரை முதலெழுத்துத்தான் பிழை" என்றார்.

பேனையை எடுத்து அச்சுப்பிரதியில் குறித்துக்கொண்டோம். மறுநாள் கணனியிலும் திருத்தினோம்.