நம்பகப் பட்டியலில் எதைச் சேர்ப்பது?

கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ முயல்கிறோம்; கணினியின் பாதுகாப்பு மென்பொருள் தடுக்கிறது. வேலை நின்றுவிட்ட அவசரத்தில், அந்த நிறுவல் கோப்பு இருக்கும் கோப்புறை முழுவதையும் ‘நம்பகமானது’ எனக் குறித்துவிடுகிறோம். இணையவழி வங்கிச் சேவையும் அதே கணினியில்தான் நடைபெறுகிறது.

இது தொகை எழுதாமல் கையொப்பமிட்ட காசோலையை மேசைமேல் வைப்பதற்கு ஒப்பாகும். நாளை மின்னஞ்சல்வழி அக்கோப்புறைக்கு வந்துசேரும் போலிக் கோப்பும் சோதனையின்றி இயங்கிவிடும்.

கோப்புறையை விடுத்துக் குறிப்பிட்ட கோப்பை மட்டும் நம்புவதே முறை. ஷா-256 என்னும் கணக்கீடு ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட கைரேகையைத் தருகிறது. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். வெளியீட்டாளர் தம் தளத்தில் கைரேகையை வெளியிட்டிருப்பின் ஒப்பிட்டபின் பட்டியலில் பதியலாம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் பதிய வேண்டும். தொல்லைதான், நாமும் முணுமுணுத்ததுண்டு.

வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பத்தையே நம்பிவிடுவது எளிது. ஆயினும் கையொப்பம் கோப்பு எவருடையது எனக் கூறுமேயன்றி, தீங்கற்றது என உறுதியளிக்காது. 2017-இல் சிசிளீனர் 5.33 பதிப்பில் தீநிரல் புகுத்தப்பட்டிருந்தது; செல்லத்தக்க கையொப்பத்துடனேயே அது 20 லட்சத்துக்கும் அதிகமான பயனர்களைச் சென்றடைந்தது.

ஆகவே, பயன்பாடு முடிந்த பதிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இயன்றால் பணப் பரிமாற்றத்துக்குத் தனிக் கணினி ஒதுக்குங்கள். அதில் கோப்புறை விலக்கு எதுவும் வேண்டா. அறியாமல் பணம் கழிக்கப்பட்டிருப்பின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.