கருத்தடையும் பால்வினை நோயும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கரு உண்டாகாமல் தடுப்பது ஒரு வேலை. பால்வினை நோய் தொற்றாமல் தடுப்பது வேறு வேலை. இரண்டையும் பெருமளவு சேர்த்துச் செய்பவை ஆணுறையும் பெண்ணுறையும் மட்டுமே. லாரியும் போர்வெல் ரிக்கும் ஆண்களை மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் நிறுத்திவைக்கும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் இதைப் பிரித்தறிவது அவசியம்.

நம்பிக்கை: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி பயமில்லை.
உண்மை: ஆபரேஷனில் அடைபடுவது கருக்குழாய் மட்டுமே. கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. கிருமிகள் பிறப்புறுப்பின் சவ்வு வழியே நுழைகின்றன. மாலா-என், சாயா மாத்திரைகளும், 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் அவற்றைத் தடுக்காது.

நம்பிக்கை: காப்பர்-டி போட்டால் கர்ப்பப்பையில் புண் வரும்.
உண்மை: போட்ட முதல் 3 வாரங்களில் மட்டும் கருப்பை, கருக்குழாய் அழற்சிக்கான வாய்ப்பு சற்றே கூடும். கருப்பை வாயில் ஏற்கெனவே இருக்கும் தொற்று மேலே ஏறுவதே அதற்கு முக்கியக் காரணம். சீழ் போல வெள்ளைபட்டால் முதலில் சிகிச்சை, பிறகே காப்பர்-டி.

நம்பிக்கை: வெள்ளைப்படுதல் உடல் சூட்டால் வருவது; இளநீரும் வெந்தயமும் போதும்.
உண்மை: நாற்றமில்லாமல், நிறமின்றிப் படுவது இயல்பு. அரிப்போடு தயிர்த்திப்பி போலப் படுவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அது பால்வினை நோயல்ல. மஞ்சள் அல்லது பச்சை நிறம், துர்நாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் பரிசோதனை தேவை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையின்மையில் முடியலாம்.

நம்பிக்கை: குடும்பப் பெண்களுக்கு இந்த நோய் வராது.
உண்மை: 2007-ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் நாமக்கல் ‘ஏ’ பிரிவு மாவட்டம். கர்ப்பிணிகளில் 1 சதவீதத்துக்கு மேல் எச்.ஐ.வி. காணப்பட்ட மாவட்டங்களே அப்பிரிவில் வந்தன. மணமான பெண்களுக்குப் பெரும்பாலும் கணவர் வழியாகவே தொற்று வருகிறது.

நம்பிக்கை: மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் போதும்.
உண்மை: பால்வினைத் தொற்று என்றால் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை, இல்லையேல் மறுபடியும் தொற்றும். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் மருந்து நிறப் பொட்டலங்களாக இலவசமாகக் கிடைக்கிறது: வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, கருப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல், அடிவயிற்று வலிக்கு மஞ்சள். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையங்களில் செய்யப்படுகிறது. முடிவு ரகசியமாக வைக்கப்படும். சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அதன்பின் தொற்றைத் தடுக்கும் வழி ஆணுறைதான்.