பசுந்தாட் பயிரும் மணிச்சத்தும்

சென்ற கோடை விடுமுறையில் யான் ஊருக்குச் சென்றிருந்தபொழுது, என் பெரியதந்தையார் ஒரு வினாவை எழுப்பினார். "தம்பி, பதினைந்து ஆண்டுகளாக நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது வருகிறேன். பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. ஆனால் தூர் கட்டுவது வரவரக் குறைகிறது, கதிரிற் பதரும் மிகுகிறது. பசுந்தாள் எல்லாச் சத்தும் தரும் என்றுதானே சொன்னார்கள்?" என்றார். அன்று யான் கூறிய விடையையே, உழவர் குடியிற் பிறந்த மாணவ நண்பர்கள் பலர் இம்மலரைப் படிப்பர் என்பது கருதி, ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றேன்.

தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துப் பயிருக்குத் தழைச்சத்தாக அளிக்கின்றன. ஆகாயம் வற்றாத களஞ்சியம். ஆதலின் இவ்வரவு உண்மையான வரவே. பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்தின் நிலை வேறு. ஆகாயத்தில் அதற்கு இத்தகைய களஞ்சியம் இல்லை. தக்கைப்பூண்டின் இலையிலும் தண்டிலும் எவ்வளவு மணிச்சத்து இருக்கின்றதோ, அவ்வளவும் அதே வயலின் மண்ணிலிருந்து வேர் எடுத்ததாகும். ஒரு பெட்டியிலுள்ள காசை எடுத்து அப்பெட்டியிலேயே மீண்டும் இடுவதால் பெட்டி நிறையுமா?

அங்ஙனமாயின் மணிச்சத்தைப் பொறுத்தவரை பசுந்தாளாற் பயனில்லையோ எனின், அதுவும் தவறு. பெட்டியிலுள்ள காசிற் பெரும்பகுதி பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. ஓர் ஏக்கர் மேல்மண்ணில் நூற்றுக்கணக்கான கிலோ மணிச்சத்து இருக்கக்கூடும்; ஆயினும் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசல்மண்ணிற் சுண்ணாம்பும் அதனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணிலுள்ள நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுகூடப் பெரும்பாலும் கரைந்திருப்பதில்லை. கரைந்த சிறு பகுதியும் வேரை நாடி வெகுதூரம் வருவதில்லை. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் அளவிலேயே அதன் நடமாட்டம் முடிந்துவிடும். இப்பூட்டைத் திறக்கும் ஆற்றல் சில பயிர்களுக்கு உண்டு.

இதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த சான்று ஒன்றுண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவிலுள்ள பன்னாட்டுப் புன்செய்ப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வு 1990-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மணிச்சத்து உரம் இடாத செம்மண்ணில், சோளம் முதலிய பயிர்கள் தேறாதபொழுதும் துவரை தழைத்து வளர்ந்தது. துவரையின் வேர் சுரக்கும் பிசிடிக் அமிலம் இரும்பைத் தான் பற்றிக்கொண்டு, அது பிடித்திருந்த மணிச்சத்தை விடுவிக்கின்றது என்று ஆய்வாளர் கண்டனர். கரிசலிலோ துவரைக்கு அச்சிறப்பு இல்லை. ஆங்கே சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கும் கொண்டைக்கடலைக்கே சுண்ணாம்பின் பிடி தளர்கின்றது. எந்நிலத்திற்கு எப்பயிர் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்தனர். காரணம் மட்டும் பிற்காலத்தில் வந்தது.

அமிலத்தோடு வேறு துணைகளும் உண்டு. வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சை, நூலினும் நுண்ணிய இழைகளைப் பல சென்டிமீட்டர் தூரம் நீட்டி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் கொணர்கின்றது. நிலம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தால் இப்பூஞ்சை நலிகின்றது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நெடுந்தரிசுக்குப் பின் விதைத்த பயிர்கள் குன்றியமைக்கு இதுவே காரணமெனக் கண்டனர். நீர் தேங்கிய நெல்வயலில் இப்பூஞ்சைக்கு இடம் குறைவு. ஆனால் அங்கே வேறொரு வாய்ப்பு உண்டு: மடக்கிய பசுந்தாள் சேற்றில் அழுகும்பொழுது பிராணவாயு விரைவிற் செலவாகின்றது; அதனால் இரும்பு நிலைமாறிக் கரைய, அதனுடன் கட்டுண்டிருந்த மணிச்சத்தும் வெளிப்படுகின்றது.

மடக்கும் பருவமும் கருதற்பாலது. இளந்தாளில் மணிச்சத்தின் விகிதம் மிகுதி; அது விரைவில் அழுகிச் சத்தை விடுகின்றது. நூற்றுக்கு 0.2 பங்குக்கும் குறைவான மணிச்சத்துள்ள முற்றிய தண்டை உழுதாலோ, அதை உண்ணும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும்; நெற்பயிர் சிலகாலம் காத்திருக்க நேரும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் மடக்குக என்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இனிப் பெரியதந்தையாரின் வயலுக்கு வருவோம். ஒரு டன் நெல்மணியோடு ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ மணிச்சத்து வயலை விட்டு நீங்குகின்றது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் ஆண்டுக்கு 4 முதல் 6 கிலோ. பதினைந்து ஆண்டுகளில் 60 முதல் 90 கிலோ. முன்னர் வைக்கோல் மாட்டுக்குச் சென்று, சாணம் வயலுக்கு மீண்டது. இப்பொழுது அவரிடம் மாடில்லை, வைக்கோலும் விலையாகின்றது. பசுந்தாள் பூட்டைத் திறந்துகொண்டே இருந்தது; பெட்டியோ குறைந்துகொண்டே வந்தது. கரும்பச்சை இலையும் குறைந்த தூரும் மிகுந்த பதரும் மணிச்சத்துக் குறையின் அறிகுறிகளே.

இவற்றைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு இடவேண்டும்?" என்றார். சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 3½ கிலோ மணிச்சத்து உண்டு என்றும், ஆண்டுதோறும் நெல்லோடு செல்வதை ஈடுசெய்யவே ஒன்று முதல் இரண்டு மூட்டை வேண்டியிருக்கும் என்றும் கூறினேன். அதில் ஒரு பகுதியைத் தக்கைப்பூண்டுக்கே இடலாம். வேர்முடிச்சுகள் நைட்ரஜனைக் கிரகிக்க மணிச்சத்து மிகவும் தேவையாதலின் தழையும் பெருகும், உண்ட சத்தும் தாள் அழுகியபின் நெல்லுக்கு வரும். ஆயினும் மண்ணைச் சோதியாமல் அளவு கூறுவது முறையன்று என்றேன்.

மறுநாட் காலையில் யான் புறப்படுமுன், வயலின் பல இடங்களில் எடுத்துக் கலந்த மண்ணைத் துணிப்பையிற் கட்டி, "தக்கைப்பூண்டு விதைக்குமுன் பதில் வந்துவிடுமா?" என்று கேட்டு என் கையிற் கொடுத்தார்.