உங்கள் நண்பருக்கு ஏன் உங்களைவிட நண்பர்கள் அதிகம்?

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கட்டுரை முடிவதற்குள் இரண்டு மூன்று முறை அவை தேவைப்படும். கைப்பேசி வேண்டியதில்லை.

அக்காவின் கைப்பேசியிலோ அப்பாவின் கைப்பேசியிலோ சமூக வலைத்தளங்களை எட்டிப் பார்க்காத மாணவர்கள் இன்று மிகக் குறைவு. (13 வயது நிரம்பாதவர்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது என்பது அத்தளங்களின் விதி. அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்!) ஃபேஸ்புக்கில் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால், அவருக்கு எத்தனை நண்பர்கள் என்று ஓர் எண் தெரியும். இன்ஸ்டாகிராமில் இரண்டு எண்கள்: அவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், அவர் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று. வாட்ஸ்அப்பில் இப்படிப்பட்ட எண் எதுவும் இல்லை. ஆனாலும் யார் யார் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

புதிதாகச் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. தன் எண்ணை நண்பனின் எண்ணோடு ஒப்பிடுவார். நண்பனுடையது பெரிதாக இருக்கும். சரி என்று இன்னொரு தோழியின் பக்கத்தைப் பார்ப்பார். அதுவும் பெரிதுதான். நாலைந்து பக்கங்களைப் பார்ப்பதற்குள் மனம் சுருங்கிவிடும். ‘எல்லோருக்கும் அத்தனை நண்பர்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை? என்னிடம் என்ன குறை?’

நீங்களும் இப்படி நினைத்ததுண்டா? அப்படியானால் பென்சிலை எடுங்கள்.

தாளில் ஆறு புள்ளிகள் வையுங்கள். அவை ஆறு கற்பனை மாணவர்கள்: அமுதா, ஆறுமுகம், இளங்கோ, ஈஸ்வரி, உமா, ஊர்மிளா. நட்பு என்பது இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு. இளங்கோவிலிருந்து அமுதா, ஆறுமுகம், ஈஸ்வரி, உமா ஆகிய நால்வருக்கும் கோடு போடுங்கள். உமாவிலிருந்து ஈஸ்வரிக்கு ஒரு கோடு. ஊர்மிளாவுக்கு ஒரு கோடு. மொத்தம் ஆறு கோடுகள்.

இப்போது எண்ணுங்கள். இளங்கோவுக்கு 4 நண்பர்கள், உமாவுக்கு 3, ஈஸ்வரிக்கு 2, மற்ற மூவருக்கும் ஆளுக்கு 1. கூட்டினால் 12. ஆறு பேருக்குச் சராசரி 2.

அடுத்து, ஒவ்வொருவரும் தம் நண்பர்களின் எண்ணிக்கையைப் பார்க்கட்டும். அமுதாவுக்கு ஒரே நண்பன் இளங்கோ. அவனுக்கோ 4 நண்பர்கள். ஆறுமுகத்தின் நிலையும் அதுவே. ஊர்மிளாவின் ஒரே தோழி உமாவுக்கு 3. ஈஸ்வரிக்கு நண்பர்கள் இருவர், அவர்களின் எண்ணிக்கை 4, 3, சராசரி 3.5. அவளுக்கு இருப்பதோ 2. ஆக, ஆறு பேரில் நான்கு பேர் தம் நண்பர்களைவிடக் குறைந்தவர்களாகவே இருக்கிறார்கள். இளங்கோவும் உமாவும் மட்டுமே தப்பித்தார்கள்.

யாரும் யாரையும் வெறுக்கவில்லை, ஒதுக்கவுமில்லை. நாம் போட்டது ஆறு கோடுகள், அவ்வளவுதான். பிறகு எப்படி நால்வர் மனம் சுருங்கும்படி ஆயிற்று?

ஆறு பேரும் தத்தம் நண்பர்களின் பெயர்களை ஒரே பட்டியலில் எழுதினால் 12 பெயர்கள் வரும். அதில் இளங்கோவின் பெயர் எத்தனை முறை வருகிறது? நான்கு முறை. உமா மூன்று முறை, ஈஸ்வரி இரண்டு முறை. அமுதா, ஆறுமுகம், ஊர்மிளா ஒவ்வொரு முறைதான். நண்பர்கள் நிறைய உள்ளவர் அந்தப் பட்டியலில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். 4 என்ற எண் நான்கு முறை, 3 என்ற எண் மூன்று முறை, 2 என்ற எண் இரண்டு முறை, 1 என்ற எண் மூன்று முறை. கூட்டினால் 16 + 9 + 4 + 3 = 32. பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 2.67. மாணவர்களின் சராசரி 2. நண்பர்களின் சராசரி 2.67!

இன்னும் புரியவில்லையா? பஸ்ஸில் ஏறுவோம். காலையில் உங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ்கள் புறப்படுகின்றன. ஒன்றில் 70 பேர், இன்னொன்றில் 10 பேர். பஸ்ஸுக்குச் சராசரி 40 பேர் என்று டிப்போவில் கணக்கு எழுதுவார்கள். ஆனால் இறங்கும் பயணிகளிடம், ‘உங்கள் பஸ்ஸில் எத்தனை பேர்?’ என்று கேட்டால், எழுபது பேர் 70 என்பார்கள்; பத்துப் பேர் மட்டும் 10 என்பார்கள். பயணிகள் சொல்லும் சராசரி 62.5. ‘நான் ஏறுகிற பஸ் மட்டும் எப்போதும் கூட்டம்’ என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் துரதிர்ஷ்டம் அன்று. கூட்டமான பஸ்ஸில்தான் அலுத்துக்கொள்ள ஆட்கள் அதிகம்.

இந்த விந்தையை 1991 இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலார் எடுத்துக்காட்டினார். அப்போது ஃபேஸ்புக் இல்லை. இதற்கு ‘நட்பு முரண்’ என்று பெயர். இருபது ஆண்டுகள் கழித்து, 2011 இல், அதைப் பெரிய அளவில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. அவ்வாண்டு ஃபேஸ்புக்கைப் பயன்படுத்திய 72 கோடியே 10 இலட்சம் பேரின் நட்புகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சராசரியாக ஒருவருக்கு 190 நண்பர்கள். ஆனால் எல்லோரையும் எண்ணிக்கைப்படி வரிசையில் நிறுத்தினால், நட்ட நடுவில் நிற்பவருக்கு 99 நண்பர்கள்தாம்! நூற்றுக்கு 93 பேருக்கு, அவர்களுடைய நண்பர்களின் சராசரியைவிடக் குறைந்த நண்பர்களே இருந்தார்கள். எண்ணைப் பார்த்து மனம் சுருங்கிய மாணவருக்கு எத்தனை கோடிப் பேர் துணை, பாருங்கள்.

தளம் மாறினால் இது மாறுமா? உங்கள் மாமாவையோ சித்தியையோ ஆர்குட் பற்றிக் கேளுங்கள். 2004 இல் தொடங்கி, இந்தியாவில் மிகப் புகழ்பெற்று, 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்ட தளம் அது. அதிலும் நண்பர்களின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். அதிலும் இதே கணக்குத்தான்.

இன்ஸ்டாகிராமில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அங்கே உறவு கோடு அன்று, அம்பு. நீங்கள் ஒருவரைப் பின்தொடரலாம். அவர் உங்களைப் பின்தொடர வேண்டும் என்ற கட்டாயமில்லை. 40 பேர் உள்ள வகுப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்குள் அவர்கள் எப்படி வேண்டுமானாலும் அம்பு விடட்டும். ஒருவரிடமிருந்து புறப்படும் ஒவ்வோர் அம்பும் இன்னொருவரிடம் வந்து சேர்கிறது. ஆகவே பின்தொடர்வதும் பின்தொடரப்படுவதும் மொத்தத்தில் சமம். இப்போது ஒவ்வொருவரும் ஒரு கிரிக்கெட் வீரரையும், ஒரு நடிகரையும், ஒரு பாடகியையும் பின்தொடர்கிறார்கள். 120 அம்புகள் வெளியே போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வெளியிலிருந்து வேறு யாரும் சேராவிட்டால், ஆளுக்குச் சராசரியாக மூன்று நஷ்டம். இதற்கு மாணவர்களின் அழகோ அறிவோ காரணமா? கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவை இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் 60 கோடிக்கும் மேல். அத்தனை அம்புகளும் நம்மைப் போன்றவர்களிடமிருந்து புறப்பட்டவைதாம்.

எண்களை விடுங்கள், படங்களைப் பாருங்கள். உங்களுக்குப் பத்து நண்பர்கள். விடுமுறையில் ஒருவன் ஊட்டிக்குப் போய் 30 படங்கள் போட்டான். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு படம். மீதி நால்வர் ஒன்றும் போடவில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவரும், கடையில் அப்பாவுக்கு உதவியாக நிற்பவரும் அதைப் படம் எடுத்துப் போடுவதில்லை அல்லவா? மொத்தம் 35 படங்களில் 30 ஊட்டி. பத்தில் ஒருவன்தான் ஊட்டிக்குப் போனான். திரையிலோ ஏழு படங்களில் ஆறு ஊட்டி! ‘ஊரே ஊட்டியில் இருக்கிறது, நான் மட்டும் வீட்டில்’ என்று நினைக்கத் தோன்றுமா, தோன்றாதா? போதாக்குறைக்கு, படங்கள் வந்த வரிசையிலேயே காட்டப்படுவதும் இல்லை. உங்களை அதிக நேரம் நிறுத்தி வைக்கக்கூடியது எது என்று கணிப்பொறி கணித்து, அதை மேலே வைக்கிறது. இன்ஸ்டாகிராம் இந்த முறைக்கு 2016 இல் மாறியது. தளத்துக்கு அது இலாபம். உங்களுக்கு இலாபமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

மனத்தைச் சுருக்கும் இந்தக் கணக்குக்கு நல்ல பயனும் உண்டு. 2009 இல் உலகெங்கும் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் கிறிஸ்டாக்கிஸ், ஃபௌலர் என்னும் இரு அறிஞர்கள் 744 மாணவர்களைக் கவனித்தார்கள். அவர்களில் 319 பேர் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள், ‘உங்கள் நண்பர்கள் யார்?’ என்று கேட்டபோது பெயர் சொல்லப்பட்டவர்கள். காய்ச்சல் இரண்டாம் கூட்டத்தில் ஏறத்தாழ 14 நாட்கள் முன்னதாகவே பரவியது. நம் பட்டியலில் இளங்கோ அடிக்கடி வந்ததை நினைத்துப் பாருங்கள். நண்பராகப் பெயர் சொல்லப்படுபவர் பலரோடு பழகுபவர். நோயும் அவரிடம் முதலில் வரும். யாருக்கு எத்தனை நண்பர்கள் என்று தெரியாமலேயே, ‘ஒரு நண்பரைச் சொல்’ என்ற ஒரே கேள்வியால் அத்தகையோரைக் கண்டுபிடிக்கலாம். தடுப்பூசி குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் போடுவது என்பதற்கும் இது வழிகாட்டும்.

இதை வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் நண்பர்களின் பெயர்களை எழுதி வாங்காதீர்கள். யாருடைய சீட்டிலும் இடம்பெறாத ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். அதற்குப் பதிலாக 1 முதல் 20 வரை எண்கள் எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். இரண்டிரண்டாக எடுத்து, அந்த இரு எண்களையும் தாளில் கோட்டால் இணைத்து, சீட்டுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஒரே இணை மறுபடி வந்தால் விட்டுவிட்டு வேறு எடுங்கள். 30 கோடுகள் ஆனதும் எண்ணுங்கள். சராசரி 3 என்பது உறுதி. ஆனால் நண்பர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்க்கும் சராசரி பெரும்பாலும் 4-ஐ ஒட்டி வரும். குலுக்கல் சீட்டுக்கு அழகும் இல்லை, அறிவும் இல்லை. ஆனாலும் ஓர் ‘இளங்கோ’ எழுந்து நிற்பான்.

இந்த முரண் தலைகாட்டாத படமே கிடையாதா? உண்டு. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் நண்பர்கள் இருந்தால் இரண்டு சராசரிகளும் சமமாகிவிடும். ஆறு புள்ளிகளுக்கும் ஆளுக்கு இரண்டு நண்பர்கள் கிடைக்கும்படி கோடு போட வேண்டுமானால் இரண்டே விதங்கள்தாம். ஆறு பேரும் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்வது ஒன்று. இன்னொன்றை நீங்கள் வரையுங்கள். அது எளிதாக வந்துவிட்டால், ஆளுக்கு மூன்று நண்பர்கள் என்று முயன்று பாருங்கள். அதற்கும் இரண்டு விதங்கள் உண்டு.