காலில் மெலனோமா: மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. துறைமுகத்தில் மீன் ஏற்றி இறக்கும் வேலை. குதிகாலில் இருந்த கறுப்புத் திட்டை ஆணிக்கால் என்று நினைத்துக் களிம்பு போட்டு வந்தார். புண்ணாகி நீர் வடியவும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பயாப்சியில் ‘மெலனோமா’ என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. தொடை இடுக்கில் நெறியும் கட்டியிருக்கிறது. இம்யூனோதெரபி தேவைப்படலாம் என்கிறார்கள். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் அந்த மருந்துக்கு நோய் கேட்குமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். தம்பி படித்துவிட்டுச் சொல்கிறான். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா, அதற்காகக் கடன் வாங்காதீர்கள். தம்பி படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தப் பரிசோதனையை நம்பி இம்யூனோதெரபி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் நிலை இன்னும் வரவில்லை.

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுகளால் 1993-இல் ஒரு நுண்புழுவில் தெரியவந்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுவிலிருந்து ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று ஓர் உத்தரவுச் சீட்டு கிளம்பும். ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டில் ஒட்டிக்கொண்டு அதைச் செல்லாததாக்கிவிடும்.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? நம் எதிர்ப்பாற்றல் அணுக்களான டி செல்கள் புற்றணுவைக் கொல்லக்கூடியவை. புற்றணுவோ பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல்பரப்பில் வைத்துக்கொண்டு, டி செல்லில் இருக்கும் பிடி-1-ஐப் பிடித்து அதை அடக்கிவிடுகிறது. நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் இந்தப் பிடியை விடுவிக்கின்றன. பிடி-எல்1 எவ்வளவு உருவாக வேண்டும் என்பதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு. உதாரணமாக, மிர்-34ஏ அதைக் குறைக்கும்.

மெலனோமா அணுக்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. மிர்-146ஏ, மிர்-155 போன்றவற்றை நுண்பைகளில் அடைத்து ரத்தத்தில் விடுகின்றன. அவை நம் வெள்ளையணுக்களில் ஒரு வகையை, எதிர்ப்பாற்றலையே அடக்கும் அணுக்களாக மாற்றிவிடுகின்றன. மிலான் நகர ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் இவை கூடுதலாக இருந்த மெலனோமா நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி சரியாகப் பலன் தரவில்லை. தம்பி படித்தது இதுபோன்ற ஆய்வாக இருக்கும். ஒரு கூட்டத்தின் சராசரியைக் காட்டும் கணக்கை வைத்து, உங்கள் அப்பா ஒருவருக்கு மருந்து வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது.

சரி, இதையே மருந்தாகக் கொடுத்தால்? அதையும் பார்த்தார்கள். மிர்-34ஏ-யின் நகலை எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற பெயரில் 85 நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். எதிர்ப்பாற்றல் தாறுமாறாகக் கிளம்பி 4 பேர் இறந்ததால் 2016-இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நெறியில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நோய் எதுவரை போயிருக்கிறது என்று ஸ்கேன் காட்டும். அறுவையால் எடுக்க முடிந்தால் அதுதான் சிகிச்சையின் அடித்தளம். பயாப்சி சதையிலேயே பிராஃப், கிட் மரபணு மாற்றங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிறது, வெயிலால் வருவதல்ல. வெயிலால் வரும் மெலனோமாவைவிட இந்த வகையில் இம்யூனோதெரபியின் பலன் பொதுவாகக் குறைவு. ஆனால் கிட் மாற்றம் இருப்பவர்களில் சிலருக்கு இமாடினிப் மாத்திரை வேலை செய்கிறது. அது இந்தியாவிலேயே தயாராவதால் விலையும் குறைவு.

குறைந்த அளவு நிவோலுமேப் போதும் என்றும் யாராவது சொல்லக்கூடும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 20 மில்லிகிராம் அளவில் பலன் கண்டது தலை, கழுத்துப் புற்றுநோயில். 2022-இல் வெளியான ஆய்வு அது. மெலனோமாவுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. இம்யூனோதெரபி தொடங்கினால் தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, அதிகச் சோர்வு எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். குடல், நுரையீரல், தைராய்டை எதிர்ப்பாற்றல் தாக்குவதன் அறிகுறிகள் அவை.

பயாப்சி கட்டையையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் அல்லது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது எதற்குச் செல்லும் என்று அங்கேயே விசாரியுங்கள். கையிலுள்ள பணம் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் வேண்டும். நெறி கட்டியபிறகு நாள் கடத்துவது நல்லதல்ல; இந்த வாரமே கிளம்புங்கள்.