வேதனையைத் தணிப்பது பாவமாகுமா?

“மார்பின் கொடுத்தால் அப்பாவின் உயிர் சீக்கிரம் போய்விடுமோ? அதற்குச் சம்மதிப்பது பாவமோ?” அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய தகப்பனாரின் கட்டிலருகே, நம் பாலவாக்கத்துப் பிள்ளைகளும் இவ்வாறு கலங்கக்கூடும்.

பிரியமான குடும்பத்தாரே, கலங்காதீர்கள். வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் மார்பின் நோவைத் தணிக்குமேயன்றி உயிரைப் பறிப்பதில்லை. வேறு வழியில்லாதபோது, உயிரைப் போக்கும் கருத்தின்றி, வேதனை நீங்க இத்தகைய மருந்தைக் கொடுக்கலாம் எனப் பாப்பானவர் 12-ம் பத்திநாதர் 1957-லேயே வைத்தியர்களுக்கு விடையளித்தார்.

ஆகையால் நோயாளி படும் நோவை வைத்தியரிடமும் தாதியரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் நல்ல நினைவோடிருக்கும்போதே குருவானவரை அழையுங்கள்; பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடாதீர்கள். நோவைத் தணிப்பது வைத்தியர் கடமை. கையைப் பிடித்துக்கொண்டு அருகிருப்பது நம் கடமை.