அஸ்திவாரக் குழியருகே ஒரு கோடை

அன்புள்ள தங்கைக்கு,

பூகர்ப்ப சாஸ்திரம் பயிலும் நீ, இவ்வாண்டுக் கோடை விடுமுறையை இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே செலவிடத் தீர்மானித்திருப்பதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். கார்த் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளும் நிறைந்த இடத்தில் புராதனமாக என்ன கிடைத்துவிடும் என்று தோழியர் கேட்பதாக எழுதியிருந்தாய்.

அத்தொழிற்சாலைகளுக்கடியில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிக்கற்படுகை கிடக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அதற்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். பூமியிலிருந்தே மறைந்துபோன டைலோஃபில்லம் என்னும் தாவரத்தின் இலைப்பதிவுகளும், கடல்வாழ் அம்மோனைட்டுகளின் எச்சங்களும் அதில் கிடைத்திருப்பதால், சமுத்திரம் இவ்விடம்வரை எட்டியிருந்த காலத்துக்கு அதுவே சாட்சியாக நிற்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவியொன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழங்கற்காலத்தை உலகறியச் செய்த ராபர்ட் புரூஸ் ஃபுட் அவர்களே இப்படுகையையும் ஆராய்ந்து எழுதியவர். அவரும் மே மாத வெயிலில் நடந்தவர்தாம்.

அவருக்கு வாய்க்காத ஒரு சந்தர்ப்பமும், அவருக்கில்லாத ஓர் அவசரமும் உனக்கு உண்டு. ஜே.சி.பி. இயந்திரம் தோண்டும் அஸ்திவாரக் குழி, பூமியின் உட்புறத்தைச் சில நாட்களே திறந்து காட்டும். பிறகு காங்கிரீட் கொட்டி மூடிவிடுவார்கள். நீ இன்று குறிக்காமல் விட்டதை நாளை எவரும் காண இயலாது. ஆகையால், மேற்பார்வையாளரிடம் முறையாக அனுமதி பெற்று, தலைக்கவசத்துடன் இறங்கி, முதலில் ஆழத்தையும் அடுக்கின் நிறத்தையும் எழுதிக்கொள். அதன்பின் சுத்தியலைத் தொடு. கல்லின் ஓரத்தில் மெல்லத் தட்டினால், சுவடி ஏடுகளைப்போல் அது பிரியும். நடுநரம்பும் இருபுறமும் நெருங்கிய சிற்றிலைகளும் பூதக்கண்ணாடியில் தெளியும்போது, பிரிந்த இரு பாதிகளுக்கும் ஒரே எண்ணிட்டுச் செய்தித்தாளில் சுற்றிவை.

இத்தகைய கவனம் வாடிய மனத்திடம் தங்காது. சிறு சந்தோஷங்களை ஆய்வேடு முடிந்தபின் அனுபவிக்கலாமென்று ஒத்திவைப்பது விரதமன்று, விரயம். உச்சிவேளையில் வேலையை நிறுத்திவிட்டு, சாலையோரத்தில் பனங்காய் சீவித் தருபவரிடம் இளநுங்கு கேட்டு வாங்கி, கட்டைவிரலால் தோண்டி, அந்த நீர் மணிக்கட்டில் வழிய வழியச் சாப்பிடு. மாலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் காற்றில் நட. இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வா. மறுநாட்காலை உன் கண் கூர்மையாக இருக்கும்.

ஒன்றுமே கிடைக்காத நாட்களும் வரும். அந்நாட்களிலும் தேதியிட்டு, எந்தக் குழியில் எவ்வளவு ஆழம்வரை தேடினாய் என்பதை எழுதிவை. பின்னால் வருபவர்க்கு அதுவும் உபகாரம். விடுமுறை முடிந்ததும் மாதிரிகளைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடு. இடம் தெரியாத இலைப்பதிவு வெறும் கல்லே ஆதலால், ஒவ்வொரு சீட்டிலும் உன் பெயரைவிட ஊரின் பெயரும் ஆழத்தின் அளவும் தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்